யாக்கோப்பு நீந்தப் பழகினான்

"உன்ர தீர்மானத்தை நான் எடுத்திட்டன் யாக்கோப்பு. நீ ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

புதுவருடப் பூசை முடிந்து வந்த கையோடு, பக்கத்து வளவு நேசமலர் முற்றத்தில் வந்து நின்று சொன்னாள். அன்று காலைப் பிரசங்கத்தில் பங்குச் சுவாமியார், "பிறந்திருக்கிற அறுபத்தோராம் ஆண்டிலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா ஆளுக்கொரு தீர்மானம் எடுங்கோ" என்று கேட்டிருந்தார். முல்லைத்தீவுக் கரை முழுவதும் அதே கதைதான்.

யாக்கோப்பு கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. அவன் மனைவி யூலிற்றாதான் கேட்டாள்.

"என்ன தீர்மானம் அக்கா?"

"உன்ர மனிசன் நீந்தப் பழகவேணும். பங்குனியிலை கடல் அடங்கினவுடன தொழிலுக்குப் போகவேணும்."

யாக்கோப்பின் கை அப்படியே நின்றுவிட்டது.

அவன் பரம்பரைக் கடற்றொழிலாளி. ஆனால் நீந்தத் தெரியாது. அந்தக் கரையில் அப்படிப் பலர் இருந்தார்கள். ஓர் ஐப்பசிக் காற்றில் அவன் போன வள்ளம் கவிழ்ந்தது. விடியும்வரை ஒரு பலகையைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்தவனை மட்டும் வேறு வள்ளக்காரர் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேலாக அவன் கடற்கரைப் பக்கமே போகவில்லை. மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுத்துக் காலத்தை ஓட்டினான். சோறு இறங்காது. நித்திரை வராது. ஆறடி மனிதன் எலும்பும் தோலுமாகிப் போனான்.

"என்னால ஏலாதக்கா."

"ஏலுமோ ஏலாதோ எண்டு உன்னட்ட நான் கேக்கேல்லை. நாளைக்கு விடிய நந்திக்கடலுக்கு வா. யூலிற்றா, நீயும் வா."

மாரி மழையில் அந்த உப்பங்கழிக் களப்பு நிறைந்து கிடந்தது. சின்ன வயதிலிருந்தே அதில் இறால் பிடித்து வளர்ந்த நேசமலர், இடுப்பளவு தண்ணீரில் நின்று கூப்பிட்டாள். கணுக்கால் நனைந்ததுமே யாக்கோப்பு பின்வாங்கினான்.

"நெஞ்சு அடைக்குதக்கா."

"அடைச்ச நெஞ்சோடயே வா."

முழங்காலுக்குத் தண்ணீர் வரச் சில நாள் போயிற்று. இடுப்புக்கு வருவதற்குள் தைமாதம் பிறந்துவிட்டது. பிறகு மல்லாந்து படுக்கச் சொன்னாள். உடுத்த சேலையோடு யூலிற்றாவும் இறங்கி, இரண்டு கைகளாலும் புருசனின் முதுகைத் தாங்கினாள். நேசமலர் தள்ளி நின்று அதட்டினாள்.

"கழுத்தை விறைக்காதை! வானத்தைப் பார்! மூச்சை இழு!"

ஒருநாள் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய்விட்டது. யாக்கோப்பு அடித்துப் பதறிக் கரைக்கு ஓடினான். சேற்றில் குந்தியிருந்து, சிறுபிள்ளை மாதிரி அழுதான்.

"விடுங்கோ அக்கா. நான் செத்த ஆள் மாதிரியே இருந்திட்டுப் போறன்."

நேசமலர் தண்ணீரை ஓங்கி அறைந்தாள்.

"செத்த ஆள் மாதிரி இருக்கிறதுக்கு உனக்கு உரிமை இல்லை! இறங்கு!"

யூலிற்றா திடுக்கிட்டுப் போனாள். யாக்கோப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். அவன் ஒருநாளும் நேசமலரை எதிர்த்துப் பேசியதில்லை. அவள் முகத்தை நேரே பார்த்ததுமில்லை.

மாசியில் ஒரு காலை. மல்லாந்து கிடந்த யாக்கோப்புக்கு மேலே பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பிப் பறந்தது. வெயில் பட்டு வானமே சிவந்த மாதிரி இருந்தது. கடைசிப் பறவை மறையும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அப்போதுதான் உணர்ந்தான், முதுகில் கைகள் இல்லை.

யூலிற்றா எட்டத்தில் நின்றாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள்.

காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. அவனுடைய மூச்சுச் சத்தம் மட்டும் அவனுக்குக் கேட்டது. இவ்வளவு காலமும் தன்னை விழுங்கக் காத்திருக்கிறது என்று அவன் பயந்த தண்ணீர், பாயில் கிடத்தினதுபோல அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"யூலிற்றா... தாங்குதடி... என்னைத் தாங்குது!"

பங்குனியில் கடல் அடங்கியது. எட்டத்தில் கட்டியிருந்த வள்ளம்வரை யாக்கோப்பு நீந்தியே போய் ஏறியபோது, கரையில் நின்ற சனம் மூச்சு விடாமல் பார்த்தது. அன்றே தொழிலுக்கும் போனான். திரும்பி வந்து, யூலிற்றா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.

பொழுதுபடமுன், பெரிய பாரை மீன் ஒன்றோடு நேசமலரின் வளவுக்குப் போனான். விறகு கொத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"கொண்டுவந்திட்டியோ? அதிலை வை."

வைத்தான். ஆனால் திரும்பிப் போகவில்லை. முதன்முறையாக அவள் முகத்தை நேரே பார்த்தான்.

"அக்கா, என்னில உங்களுக்குக் கோவம் இல்லையோ?"

"இருந்தது."

"பிறகேன் எனக்காக இவ்வளவு பாடுபட்டனீங்கள்?"

நேசமலர் கோடரியைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஆளை மட்டும் தாங்கிற பலகையை, உனக்கு நீந்தத் தெரியாதெண்டு உன்ர கையில தந்திட்டு, வள்ளம் கவிண்ட அண்டைக்கு என்ர மனிசன் கடலோட போனவர். அவர் தந்திட்டுப்போன உயிரைக் கரையில கிடந்து பழுதாப்போக விடுவனோ நான்?"