சுவரைப் பார்த்துக்கொண்டு

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைலே. டாக்டரு என்ன கிளி ஜோசியமா பாக்குறாரு, தானாத் தெரிஞ்சுக்க?"

மொக்கைச்சாமி போட்ட அதட்டலில், சக்கர நாற்காலியில் இருந்த விக்னேஷ்வரன் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

டாக்டர் அருள்பிரகாஷ் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "போன மாசம் நெஞ்சு எரிச்சல்னு வந்தீங்க. அதுக்கு முந்தின மாசம் கழுத்து வலி. நான் பார்க்கிறது சிறுநீரகமும் ஆம்பளைங்க பிரச்சினையும். தப்பான இடத்துக்கு வந்துட்டீங்களோன்னு நினைச்சேன் தம்பி."

"மாமா, நீங்க வெளிய இருங்க," என்று முனகினான் விக்னேஷ்வரன்.

"நான் வெளிய போனா இன்னைக்குப் பல்லு வலிம்ப."

மொக்கைச்சாமி விருதுநகர் மிளகாய் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவர் கிட்டே வந்ததும் டாக்டர் இரண்டு தும்மல் போட்டார். காரணம் தன் சட்டைதான் என்று தெரிந்து, நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் மொக்கைச்சாமி. மண்டியில் அவர் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். இங்கே துண்டால் பாதி வாயை மூடிக்கொண்டு, நாலாக மடித்த சீட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

மதுரை டாக்டர் எழுதிய சீட்டு. வெடி விபத்து, முதுகுத்தண்டில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரையும் ஊசியும் பலிக்கவில்லை. உள்ளே கருவி பொருத்தும் ஆபரேஷன் செய்யலாம்.

டாக்டர் படித்து முடிக்கும் வரை மொக்கைச்சாமி சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தார். அது போன மாதத்துத் தாள்.

"எப்படி ஆச்சு?"

"சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி சார். மருந்து கலக்குற ரூம்ல ரெண்டு பேரு இருந்தோம். நான் வாசப்பக்கம்." அதோடு நிறுத்திக்கொண்டான் விக்னேஷ்வரன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவணியில வச்சிருக்கோம்," என்றார் மொக்கைச்சாமி. "இவன்தான் மாட்டேன் மாட்டேன்னான். ஏன்லேன்னு உலுக்குனேன். அழுதுக்கிட்டே இந்தச் சீட்டைக் காட்டுனான்."

"ஒரு பொண்ணை ஏமாத்தக் கூடாதுல்ல சார்," என்றான் விக்னேஷ்வரன். "இவுக மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கூசுது."

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உள்ளே இரண்டு குழாய், கீழே விதைப்பையில் ஒரு சின்ன பம்ப். கையால் அமுக்கினால் குழாயில் தண்ணீர் ஏறும்.

"அடிபம்பு மாதிரியா?" என்று கேட்டுவிட்டார் மொக்கைச்சாமி. கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. அவர் காது மடல் சிவந்துபோயிற்று.

டாக்டர் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா உணர்ச்சி திரும்ப வராது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். புருஷன் பொண்டாட்டியா வாழ முடியும். முதல்ல படுக்கைப் புண், நீர்க்கடுப்பு ஏதும் இருக்கான்னு பார்க்கணும். அதைவிட முக்கியம், பொண்ணுக்கு எல்லாம் தெரியணும்."

"சொல்லிட்டேன் சார்," என்றார் மொக்கைச்சாமி.

"நீங்களா சொன்னீங்க?"

"வீட்டுல வேற பொம்பளை கிடையாது. யாரைச் சொல்லச் சொல்ல? நான் சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சொன்னேன். அழகுமீனாவும் சுவத்தைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு. வெக்கம் பிடுங்கித் தின்னுடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னுச்சு. அப்புறம் உள்ள போயி ரெம்ப நேரம் அழுதுச்சு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. இந்த மாதிரிச் சீட்டைப் பார்த்தா பொண்ணு வீட்டுக்காரங்க கல்யாணத்தை நிறுத்துவாங்க. நீங்க ஆபரேஷனுக்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"ஊரும் அதைத்தான் கேக்குது. காறித் துப்புறவுகளும் இருக்காக." மொக்கைச்சாமி துண்டைப் பிடித்து முறுக்கினார். "ரெண்டு வருசமா எங்க வீட்டுச் சோத்தை இவனுக்குக் கொண்டு போயிக் குடுக்குறது அந்தப் புள்ளதான். ஊரு கதை கட்டுச்சு. ஒரு நாளு நேராக் கேட்டேன், 'இவனைக் கட்டிக்கிறியாத்தா'ன்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டுச்சு. அதுக்கு இருபத்தாறு வயசு சார். சும்மா சோறாக்கிப் போடவா ஒரு கல்யாணம்? ஒரு பிள்ளை குட்டின்னு இருக்க வேணாமா?"

விக்னேஷ்வரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "பொண்ணு வந்திருக்கா?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கு."

"வரச் சொல்லுங்க. நான் தனியாப் பேசணும். அவங்க முழு மனசாச் சொன்னாதான் மத்ததெல்லாம். நீங்க வெளியே இருங்க, அப்பா முன்னாடி எந்தப் பொண்ணும் வாயைத் திறக்காது." டாக்டர் படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். "கூட வந்தவர் மொக்கைச்சாமி. உறவு, பொண்ணோட அப்பா. சரிதானே?"

எழுந்து கதவு வரை போன மொக்கைச்சாமி நின்றார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக, டாக்டர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்பன் இல்ல சார். அழகுமீனா எனக்கு மருமக. அந்த மருந்து ரூம்ல உள்பக்கம் நின்னானே, அவன் என் மகன்."