வேலி கிழித்த தழும்பு

“வீட்ல யாருக்காவது சின்ன வயசுல சிறுநீரகம், மூத்திரப்பைன்னு ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?” என்று படிவத்தோடு வந்து நின்ற நர்ஸ் கேட்டாள். “இருந்தா பச்சப்புள்ளைக்கும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும்.”

“எங்க வம்சமே இரும்பும்மா. இல்லைன்னு போடு, ஆட்டோ நிக்குது,” என்றார் சுகந்தியின் மாமனார்.

சுகந்தி கணவனைப் பார்த்தாள். ஞானவேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு உண்டு. கொய்யா திருடப் போய் முள்வேலி கிழித்தது என்று கல்யாணமான புதிதில் அவன் சொன்ன கதைக்கு, வயிறு வலிக்கச் சிரித்தவள்தான் அவள். ஆனால் கண்ணுகளா, முள்வேலி கிழித்தால் கோணல்மாணலாகத்தானே கிழிக்கும்? இது அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் அத்தனை நேராக இருந்தது.

நர்ஸின் பேனா ‘இல்லை’ என்ற கட்டத்துக்கு மேலே வந்துவிட்டது.

“பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க,” என்றாள் சுகந்தி. பிறந்து இரண்டே நாளான மகனை ஞானவேல் பயந்து பயந்து வாங்கினான். அவன் கை இரண்டும் நிறைந்த பிறகு, அவள் அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள்.

“என்னம்மா இது, நாலு பேர் இருக்கற எடத்துல!” மாமனார் பதறினார்.

ஞானவேல் விலகவில்லை. கையில் கிடந்த மகனின் முகத்தையே பார்த்தான்.

“எனக்கு அப்ப நாலு வயசு, சிஸ்டர்,” என்றான்.