ஐந்தாம் மாடிப் புறா

கல்லூரி வகுப்பில் நாரை மேடம் ஒரே ஒரு கேள்விதான் கொடுத்தார்: "நீ எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறாய்?"

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, ஐந்தாம் மாடி ஏசி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறா, "ஐந்து மாடி" என்று யோசிக்காமல் எழுதியது. அதே வகுப்புக்கு வரக் காலையிலிருந்து ஒவ்வொரு படியாகத் தாவி வந்த தவளை, முதல் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாத்துக்கும் திறமை வேணும் மேடம்" என்றது புறா.

"வேணும்தான் கண்ணு. நீ எங்கே பொரிஞ்சே?"

"இதே பெட்டி மேலதான்."

மேடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

புறாவுக்கு என்னவோ போல் இருந்தது. தரைக்கு இறங்கி, இறக்கையை மடக்கிக்கொண்டு படியேறிப் பார்த்தது. ஆறாவது படியிலேயே நாக்குத் தள்ளியது. "ஐந்து மாடி"யை அடித்துவிட்டு "ஆறு படி" என்று எழுதியது.

மேலிருந்து எட்டிப் பார்த்த தவளை சொன்னது: "முதல் நாளைக்கு இதுவே ஜாஸ்திப்பா."