நான்கு நூற்றிருபதுகள்

ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில், கர்ப்பிணியின் கையில் சுற்றிய பட்டைமேல் விழுகிறது. ஊரே நர்சம்மா என்று கூப்பிடும் சுகாதாரப் பணியாளர் மூன்றாம் முறையாகக் காற்றடிக்கிறாள். முள் நூற்று அறுபதில் இருக்கும்போதே காதில் துடிப்பு கேட்டுவிடுகிறது. இந்தப் புது ரத்த அழுத்தக் கருவி இன்று காலைதான் வந்தது. பழையது நான்கு மாதமாக வேலை செய்யவில்லை; கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "கட்டம் எதுவும் காலியா இருக்கக் கூடாது" என்றார் மேலதிகாரி. அதனால் ஒப்புக்குப் பட்டையைச் சுற்றி, எல்லோருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதி வந்தாள். மடியில் கிடக்கும் இவளுடைய கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையில் அப்படி நான்கு வரிகள், முத்து முத்தான கையெழுத்தில். கர்ப்பிணியின் வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த பள்ளம் இன்னும் மறையவில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு" என்கிறாள் நர்சம்மா.

"போன மாசம்கூட நல்லாத்தானே இருந்துச்சு? நீங்கதானே உங்க கையால எழுதியிருக்கீங்க, நர்சம்மா!" அருகில் நிற்கும் மாமியார் மருமகள் பக்கம் திரும்புகிறாள். "அதுக்குள்ள என்னடி பண்ணித் தொலைச்ச?"

கர்ப்பிணி, தப்புச் செய்தவள்போலத் தலை குனிகிறாள். நர்சம்மா அட்டையைக் கவிழ்த்து வைக்கிறாள்.