பூவலிங்கத்தின் ரத்தம்

மழைக்கோட்டு முதல் பார்சல் தாள்வரை பூசப்படும், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத, எத்தனை தலைமுறையானாலும் மக்காத ஃப்ளூரின் ரசாயனங்கள் நாலாயிரம் இருந்தன. எதன் விஷத்தை முதலில் சோதிப்பது என்று ஆய்வுக்கூடம் வரிசை போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அவற்றில் ஒன்றுகூடக் கலக்காத மனித ரத்தம் வேண்டும். எல்லோரும் கையை நீட்டினார்கள். எல்லோரிடமும் இருந்தது. வீட்டுச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடாத இயக்குநர் மங்கையர்க்கரசிக்குத்தான் ஆக அதிகம். கடைசியாகக் குப்பி கழுவும் பூவலிங்கத்திடம் எடுத்தார்கள். துளியும் இல்லை.

“இனிமே நீங்கதான் எங்களுக்குப் பூஜ்யம்” என்றார் இயக்குநர், கண் கலங்க.

“இதைச் சொல்லவா மேடம் இவ்வளவு ரத்தம் எடுத்தீங்க?”

அன்றிலிருந்து அவருக்குப் பார்சல் சாப்பாடு கிடையாது. டீயை எவர்சில்வர் டம்ளரில் இயக்குநரே கொண்டுவந்து கொடுத்தார். மழை பெய்தால் பூவலிங்கம் நனைந்தார். மழைக்கோட்டுப் போட்ட விஞ்ஞானிகள் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாரம் ஒரு குப்பி ரத்தம் கொடுத்தார். ரசாயன வரிசை நூறைத் தாண்டியது.

ஆவணியில் அவருக்குக் கல்யாணம். ஆய்வுக்கூடமே வேன் பிடித்துப் போனது. இயக்குநர் தானே கடையேறி இறங்கி வாங்கிய பெரிய பெட்டியை, பதினோரு விஞ்ஞானிகளும் ஆளுக்கொரு கை பிடித்து மேடையில் கொடுத்தார்கள். மணப்பெண் ஜிகினாத்தாளின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தாள்.

“ஐ, நான்ஸ்டிக் செட்டுங்க! தோசை ஒட்டவே ஒட்டாது!”

பெட்டியிலிருந்து ஒருவரும் கையை எடுக்கவில்லை.

“எல்லாரும் இங்க பாத்து சிரிங்க” என்றார் புகைப்படக்காரர்.