உப்பங்கழியின் பெயர்

ஓமானில் எங்கள் ஊர் உப்பங்கழிக்கு மைசூன் கழி என்று பெயர். படகில் போகும்போது ஹிலாலின் புது மனைவி ஷம்சா காரணம் கேட்டாள்.

"மைசூன், நண்டு பிடிக்கப் போன பொம்பள. திரும்பி வரல," என்றான் ஹிலால். "அதுக்கு முன்னாடி மர்ஹூன் கழி."

"அவரும் வரலியா?"

"பேசாம துடுப்பப் போடு, புள்ள."

படகு சேற்றில் தட்டி நின்றது. வழி பார்த்து வருவதாக ஹிலால் இறங்கி, அலையாத்தி மரங்களுக்குள் நடந்தான்.

ஷம்சா காத்திருந்தாள். வெயில் சாயவே இல்லை.

பிறகு ஒரு விசைப்படகு வந்தது. ஓட்டியவன் ஹிலால்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"இப்ப இது ஷம்சா கழி," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்.

அவள் கத்தினாள். அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனது. கடக்கும்போது அவள் பெயரைச் சொல்லி ஒரு பிடி பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் போட்டான்.

விசைப்படகின் சத்தம் தேய்ந்தது. ஷம்சா குனிந்து, பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.