முதல் பக்கத்துப் பையன்

காணாமல்போனவர்களைத் தேடும் அந்த இணையதளத்தை உருவாக்கியவன் ஜெயசீலன்தான். புதிதாகப் பதிவானவர் முதல் பக்கத்தில் மேலே வருவார். பழையவர்கள் ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போவார்கள். ஒரே பையனின் படம் தினமும் திரும்பத் திரும்ப ஏறியிருப்பதைப் பார்த்தவன், குப்பை சேர்கிறதென்று முதற்பதிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டான். மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"சார், செண்பகவல்லி பேசுறேன். எம்புள்ள இசக்கிராஜா முதப் பக்கத்துல இல்லியே. கெடைச்சிட்டானா?"

"இல்லம்மா. பேரு பத்திரமா இருக்கு. கடைசிப் பக்கத்துல."

"கடைசி வரைக்கும் யாரு சார் பாப்பாங்க? அதான் வேலைக்குப் போறப்ப பிரவுசிங் சென்டர்ல தெனம் ஏத்திட்டுப் போவேன். இன்னைக்கு ஏத்தினா, ஏற்கெனவே பதிவாகியிருக்குன்னு செவப்பு எழுத்துல திட்டுது. இங்கதான் உக்காந்திருக்கேன்."

அந்தச் சிவப்பு வரியை நேற்று எழுதிச் சேர்த்தவனும் அவன்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, இசக்கிராஜா எப்போதும் முதலாவதாக வரும்படி மாற்றினான்.

"இப்பப் பாருங்கம்மா."

"வந்துட்டான் சார்," என்றாள், பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டதைப் போல.

போனை வைத்த பிறகுதான் பக்கத்தின் அடியைப் பார்த்தான். அங்கே கடைசியாக இருந்த இரட்டைச் சடைச் சிறுமி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தாள். படத்தின் கீழே, அப்பா என்று போட்டு ஒரு நம்பர் இருந்தது.

அன்றைக்கு முழுக்க, போன் அடிக்கும்போதெல்லாம் ஜெயசீலன் பக்கத்து மேசைக்காரனையே எடுக்கச் சொன்னான்.